மூட்டைப்பூச்சி கடிக்காத கட்டில்

அத்தியாயம் நான்கு
படுத்து வந்தவன் எழுந்திருக்காத விவரம்

போலீஸில் சேருவதற்குப் படுத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. இருந்தாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் தை மாதம், கல்கத்தாவில் அலிப்பூர் மைதானத்துக்கு ஆள் எடுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கட்டிலில் மல்லாந்து படுத்தபடியேதான் வந்து சேர்ந்தார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. கான்ஸ்டபிள் வேலைக்கு ஐந்தடி ஏழங்குலம் உயரம் வேண்டும். ஆரா, பலியா ஜில்லாக்களிலிருந்து ரயிலேறி வரும் பயில்வான்களிடம் இதற்கென்று ஒரு சாஸ்திரம் உண்டு. ராத்திரி படுத்தால் மனிதன் நீளுகிறான். காலையில் எழுந்து காலை ஊன்றினானோ, சாயங்காலத்துக்குள் அரை அங்குலம் காணாமல் போய்விடும். இதைப் புளுகு என்று நினைப்பவர்கள் வீட்டுச் சுவரில் கோடு கிழித்துப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வரலாம். ஆகையால் உயரம் கொஞ்சம் இழுக்கிற ஆசாமி முதல்நாள் இரவே கயிற்றுக் கட்டிலில் நீட்டிப் படுத்துவிடுவான். விடிந்ததும் நாலு பேர் அவனைக் கட்டிலோடு தோளில் சுமந்து வந்து, அளவுகோலுக்கு அடியில் சுடச்சுட நிறுத்துவார்கள். பனிக்காகத் தலையோடு கால் வெள்ளைத் துப்பட்டி வேறு.

கல்கத்தாவின் தை மாதத்து மூடுபனியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? நம் மூக்கை நாமே தேடிப் பிடித்துத்தான் பொடி போட வேண்டும். அந்தப் பனியில் வரிசையாகப் போன வெள்ளைப் போர்வைக் கட்டில்களைப் பார்த்துவிட்டு, ஊரில் கொள்ளைநோய் புகுந்துவிட்டது என்று ஒரு மாட்டுவண்டிக்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு டயமண்ட் ஹார்பர் வரைக்கும் ஓடினானாம். அங்கே சமுத்திரம் குறுக்கே வந்ததால்தான் நின்றான்.

மைதானத்தில் ஒவ்வொரு கட்டிலாக இறக்கினார்கள். ஒவ்வொருத்தனாக எழுந்து நின்றான். ஒரே ஒரு கட்டிலில் மட்டும் ஆள் எழுந்திருக்கவில்லை. துப்பட்டியை விலக்கினார்கள். உள்ளே இருந்தது பிணம்.

*

"மாமா! என் ஆத்துக்காரரை விலங்கு மாட்டிக் கொட்டடியில உக்கார வெச்சிருக்கா!"

பவானிப்பூரில் துப்பறியும் ஸ்ரீனிவாசராகவனின் வாசற்படியில் நின்று அழுதவள் ஜெயலக்ஷ்மி. அவள் கணவர் வெங்கடசுப்ரமணியன், அந்த ஆள் எடுப்பு ஆபீஸின் ஹெட் கிளார்க். உயரம் அளந்து சொல்வது அவர் உத்தியோகம். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. சொந்த மச்சினனையே கால் அங்குலத்துக்காகத் திருப்பி அனுப்பியவர். அன்றிலிருந்து அவர் வீட்டில் தீபாவளிக்கு மாமியார் வருவதில்லை.

ஸ்ரீனிவாசராகவன் ஈஸிசேரில் இருந்தார். இருந்தார் என்ன, அதில்தான் குடியிருந்தார். மற்றத் துப்பறிவாளர்கள் ஓடியும் ஒளிந்தும் கண்டுபிடிப்பதை இவர் உட்கார்ந்தே கண்டுபிடிப்பார். குற்றம் நடந்த இடத்துக்குப் போவார், செத்தவனோ திருடு கொடுத்தவனோ கடைசியாக இருந்த ஆசனத்தில் உட்காருவார், கண்ணை மூடுவார். நடை என்பது அவர் ஜாதகத்தில் இல்லை. பக்கத்துக் கோயிலுக்கே வண்டி வைத்துக்கொண்டு போகிறவர்.

"அழாம சொல்லுங்கோ அம்மா. செத்தது யாரு?"

"சிவதனி சிங்குன்னு ஒரு பையன் மாமா, ஆரா ஜில்லாக்காரன். நேத்தி சாயங்காலம் இவர் அளந்தப்போ அரை அங்குலம் குறைஞ்சுதாம். அண்ணா எங்கேயோ பங்களா கேட்டில தர்வான், ஊர்ல அம்மா, வயத்துப்பாடு இந்த வேலையை நம்பித்தான்னு அழுதிருக்கான். இவருக்கு மனசு கேக்கலை. 'அரை அங்குலத்தை நான் போட்டுத் தர மாட்டேன்டா. ஆனா சாயங்காலம் எல்லாருமே சுருங்கித்தான் இருப்பா. நாளைக்கு விடியக்காலம் படுத்துண்டே வா, திரும்ப அளக்கறேன்'னிருக்கார். அதோட விட்டிருக்கப்படாதோ? ஆத்துலேர்ந்து கொண்டுபோன காபியில பாதியை அவனுக்குக் குடுத்திருக்கார்!"

"காபியா? ஆரா ஜில்லாக்காரனுக்கா?" என்றது ஒரு குரல். பேசியவன் சந்தானம், துப்பறிவாளரின் உதவியாள். சணல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்து, மானேஜர் துரையின் நாயைப் பற்றிச் சொன்ன ஒரு ஹாஸ்யத்துக்காக வேலை போனவன். ஹாஸ்யத்தை மட்டும் இன்னும் விடவில்லை.

"ஒரு வாய் குடிச்சுட்டு 'ஐயோ அம்மா'ன்னு மூஞ்சியைச் சுளிச்சுண்டு துப்பியிருக்கான். அதைப் பியூன் பாத்திருக்கான். இன்னிக்குக் காலம்பற அவன் பொணமா வந்து எறங்கினதும் டாக்டர் பாத்துட்டு, கண்ணு குழிஞ்சிருக்கு, வெரல் நீலம் பாரிச்சிருக்கு, வெஷம்னுட்டார். இவர் மேஜை டிராயரைத் திறந்தா ஒரு டப்பா நெறையக் கறுப்புப் பொடி. மோந்து பாத்திருக்கா, நாக்குல வெச்சுப் பாத்திருக்கா, கசக்கறது. வெஷமேதான்னு அரக்கு முத்திரை வெச்சுட்டா!"

"கும்பகோணம் பீபெரி கொட்டையா?"

"சந்தானம்!" என்று அதட்டினார் ஸ்ரீனிவாசராகவன்.

"மத்தியானம் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தப் போறாளாம். தூக்குதான்னு அந்தப் பியூன் எங்கிட்டயே வந்து சொல்றான் மாமா." அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "நான் வறுத்துப் பொடிச்ச காபி. என் கையாலே."

அதற்குமேல் சந்தானத்துக்குக்கூட ஹாஸ்யம் வரவில்லை. ஓடிப்போய் வண்டி கொண்டுவந்தான்.

*

இன்ஸ்பெக்டர் பாதுரிக்கு மீசை அதிகம், பொறுமை குறைவு. வங்காளமும் இங்கிலீஷும் கலந்து, 'ஐயா' என்பதற்கு 'மோஷாய்' போட்டு அவர் பேசிய பேச்சைத் தமிழில் கொடுப்பதானால் இப்படி இருக்கும்:

"கேஸ் முடிந்துவிட்டது, மோஷாய். கசப்பான கறுப்புக் கஷாயத்தை உங்கள் மதராஸி கிளார்க் கொடுத்தார். பையன் துப்பினான். ராத்திரி செத்தான். இதில் துப்பறிய என்ன இருக்கிறது?"

"நீங்கள் காபி குடித்ததில்லையா?"

"தேநீரே மருந்து என்பது என் கட்சி."

"பிணத்தை அடையாளம் சொன்னது யார்?"

"சுமந்து வந்த நாலு ஆட்கள். 'இது யார்' என்று கேட்டில் கேட்டதற்கு 'சிவதனி சிங்' என்றார்கள். கூலிக்கு வந்த ஒரியாப் பல்லக்குக்காரர்கள். துப்பட்டியை விலக்கியதும் போட்டது போட்டபடி ஓட்டம். இந்நேரம் கட்டாக்குக்குப் பாதி வழி போயிருப்பார்கள்."

"அவன் அண்ணன்?"

"எந்த பங்களாவில் தர்வான் என்று தெரியவில்லை. தேட ஆள் போயிருக்கிறது."

"நேற்று இங்கே அவன் முகத்தைப் பார்த்தவர்கள்?"

"நேற்று நான் பார்த்தது நாற்பது மீசை, மோஷாய். முகத்தை எங்கே பார்த்தேன்? அவனை நன்றாகப் பார்த்தது உங்கள் கிளார்க். குற்றவாளியைப் பிணத்தின் பக்கத்தில் விடலாமா? உடம்பை டாக்டர் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம்தான் வருவார்."

"அப்படியானால் எனக்கு உட்கார என்ன மிச்சம் வைத்திருக்கிறீர்கள்?"

பாதுரி தாழ்வாரத்தின் ஓரத்தைக் கையால் காட்டினார். அங்கே கிடந்தது கட்டில். நாலு கால், நடுவில் கயிறு.

ஸ்ரீனிவாசராகவன் பிணம் வந்த கட்டில் என்றுகூடப் பார்க்கவில்லை. வேஷ்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு நடுமையத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

தாழ்வாரத்தின் மறுகோடியில் கம்பிக்கதவு. அதற்குப் பின்னால் வெங்கடசுப்ரமணியன் குந்தியிருந்தார். மனைவியைக் கண்டதும் விலங்கைத் துண்டுக்குள் மறைக்கப் பார்த்தார். "ஜெயா, நீ எதுக்கு இங்கெல்லாம் வந்தே? குழந்தைகள் சாப்பிட்டாளா?" என்றார். ஜெயலக்ஷ்மி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பையன் போயிட்டானாமே. நான்தானே படுத்துண்டு வாடான்னேன்," என்று அவர் தனக்குள்ளே சொல்லிக்கொண்டது சந்தானத்தின் காதில் விழுந்தது. தன் கழுத்துக்குக் கயிறு வருகிற சமயத்தில் இந்த மனுஷர் அதற்கல்லவா அழுகிறார்!

சந்தானம் துப்பறிவாளரிடம் திரும்பினான். அவர் கண் மூடியபடியே இருந்தார். ஒரு யுகம் போயிற்று. பெருக்கிச் சொல்லவில்லை, ஜெயலக்ஷ்மியைக் கேட்டுப் பாருங்கள்.

"ஸ்வாமி, தூங்கிட்டேளா?"

"ஓய் சந்தானம், நான் உக்காந்து எவ்வளவு நாழி இருக்கும்?"

"ஒரு ஆளைத் தூக்குல போடற நாழி."

"இந்தக் கல்கத்தாவுல எந்தக் கயித்துக் கட்டில்லயாவது இத்தனை நாழி சும்மா உக்காந்திருக்க முடியுமோ?"

சந்தானம் யோசித்தான். "நம்ப தெருக்கோடி பால்காரன் கட்டில்ல நான் ஒரு நிமிஷம் உக்காந்தேன். எழுந்து பாத்தா கட்டில் என் பின்னாலயே நடந்து வரது. அத்தனை மூட்டைப்பூச்சி."

"இதுல ஒண்ணு இருக்கா பாரும்."

சந்தானம் கயிற்றைப் பிரித்துப் பார்த்தான். மூலைகளைத் தட்டிப் பார்த்தான். காலைத் திருப்பிப் பார்த்தான். "அதிசயமா இருக்கே! முனிசிபல் கமிஷனர் படுக்கற மெத்தையில்கூட இந்த பாக்கியம் கிடையாது. ஸ்வாமி, மரம் பச்சை மாமரம். இழைக்கக்கூட இல்லை. ஆணி பளபளன்னு இருக்கு. நேத்திக்கு அடிச்ச கட்டில் மாதிரி..." அவன் கை நின்றது. "கயித்துக்குள்ள என்னமோ வெள்ளையா சிக்கியிருக்கு. பொரி! நெல்லுப்பொரி! பாவம், பையன் பலகாரம் சாப்பிட்டுண்டே வந்திருக்கான்."

அவன் அதில் இரண்டை எடுத்து வாயருகில் கொண்டுபோனான். பளீரென்று கைமேல் ஓர் அடி விழுந்தது. ஸ்ரீனிவாசராகவன் கண்ணைத் திறந்திருந்தார். எழுந்து நின்றும் இருந்தார். அவர் தானாக எழுந்து நின்று சந்தானம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மூடமே! கயித்துக் கட்டில்ல பொரி எப்போ விழும்? நீர் போற வழியெல்லாம் யாராவது உமக்குப் பொரி வாரி எறையறாளா?"

சந்தானத்தின் விரல்களிலிருந்து பொரி நழுவியது. "எறைப்பா ஸ்வாமி. ஒரே ஒரு நாள்."

"இன்ஸ்பெக்டர்!" ஸ்ரீனிவாசராகவன் கட்டிலைக் காட்டினார். "ஏழைப் பயில்வான் தான் படுத்துப் பழகிய பழங்கட்டிலில் வருவானா, புதுக்கட்டில் செய்து வருவானா? ஒரு தடவை மட்டும் உபயோகப்படுத்துவதற்கென்று இழைக்காத மரத்தில் கட்டில் அடிப்பது எதற்கு? உங்கள் ஊரில்தானே பிணத்தைக் கட்டிலில் வைத்துப் பொரி இறைத்துக்கொண்டு போகிறார்கள்?"

பாதுரியின் மீசை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"இது பாடை! இதில் வந்தவன் இங்கே வருவதற்கு முன்பே செத்தவன். காலராவில் போனவனும் விஷம் தின்றவனும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பார்கள், எந்த டாக்டரும் ஏமாறுவார். பவானிப்பூரிலிருந்து வருகிற பாதை காளிகாட் பாலத்தின் அடியில் இரண்டாகப் பிரிகிறது. நேரே பாலமேறினால் போலீஸ் மைதானம். இடது பக்கம் கால்வாயோரமாகத் திரும்பினால் சுடுகாடு. பிரிகிற இடத்தில் என்ன இருக்கிறது?"

"சாராயக் கடை," என்றார் பாதுரி. சொன்ன பிறகுதான் அவருக்கே அர்த்தம் விளங்கியது. "மா காளி!"

"இரண்டு கூட்டமும் கட்டிலை இறக்கி வைத்துவிட்டுக் குளிருக்கு ஒரு வாய் போடப் போயிருக்கிறார்கள். பனி. இரண்டும் வெள்ளைப் போர்வை. திரும்பி வந்து ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டார்கள். செத்தவன் போலீஸில் சேர வந்துவிட்டான். உயிரோடு இருக்கிறவன்..."

அவர் முடிக்கவில்லை. ஜெயலக்ஷ்மிதான் அலறினாள்.

"என் டம்டம் வண்டி! குதிரை பூட்டு!" என்று பாதுரி ஓடினார். குதிரை அப்போதுதான் புல் தின்ன அவிழ்க்கப்பட்டிருந்தது. சர்க்கார் குதிரை, அது பாட்டுக்குப் புல்லைத்தான் மதித்தது.

மைதானத்தில் நாற்பது வாலிபர்கள் கோவணத்தை இறுக்கிக்கொண்டு ஓட்டப் பரீட்சைக்காக நின்றிருந்தார்கள். சந்தானம் ஒரு பெட்டிமேல் தாவி ஏறினான். அவன் ஹிந்துஸ்தானி இலக்கணத்துக்கு அடங்காது. தொண்டை மட்டும் பீரங்கி.

"கேளுங்கடா பயில்வான்களே! சர்க்கார் உத்தரவு மாறிடுத்து! ஓட்டப் பந்தயம் இந்த மைதானத்துல இல்லை. பாலத்தைத் தாண்டிச் சுடுகாடு வரைக்கும்! அங்கே கட்டையில படுத்திருக்கற ஆளை எவன் முதல்ல தொடறானோ அவனுக்கு வேலை நிச்சயம்!"

நாற்பது பேரும் கிளம்பிய வேகத்தில் மைதானத்துப் புல் வேரோடு வந்துவிட்டது என்று சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பாதிப் புல்தான் வந்தது.

*

சுடுகாட்டில் பனி இன்னும் கலையவில்லை. ராத்திரி முழுதும் நனைந்த விறகு பற்ற மாட்டேன் என்றது. அந்தப் பையனுடைய ஆயுள், இரண்டு வண்டி ஈர விறகின் பிடிவாதத்தில் நின்றிருந்தது.

வெட்டியான் மூன்றாம் தடவையாக வைக்கோல் பந்தத்தைப் பற்றவைத்து வீசிக்கொண்டு கிட்டே வந்த சமயம், பனியைக் கிழித்துக்கொண்டு நாற்பது பயில்வான்கள் பாய்ந்தார்கள். பிணத்தோடு வந்திருந்த கூலிக்காரர்கள், யமனே படையெடுத்துவிட்டான் என்று கால்வாயில் குதித்தார்கள். ஒருத்தன் மட்டும் குதிக்கப் பயந்து, விறகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பந்தம் வெட்டியான் கையிலிருந்து விழுந்தது. முதலில் போன பயில்வான் அதை மிதித்து அணைத்தான். இரண்டாமவன் கட்டைகளைத் தள்ளினான். மூன்றாமவன் துப்பட்டியை இழுத்தான்.

உள்ளே பனைமரம் போல ஓர் இளைஞன். கண் மூடியிருந்தது. பனிக்காகக் காதில் பஞ்சு. நெஞ்சு ஏறி இறங்கியது.

"உயிர் இருக்கு! ஏய், எழுந்திரு!"

அவன் அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அசையவில்லை. ஒருத்தன் காதுப் பஞ்சைப் பிடுங்கிவிட்டு உள்ளேயே கத்தினான். இமைகூடத் துடிக்கவில்லை. கடைசியாக வந்து சேர்ந்த சந்தானம், மூச்சு வாங்கியபடி அவன் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினான். கால் கட்டைவிரல் மட்டும் ஒரு முறை விறைத்தது.

"ஸ்வாமி, இவன் முழிச்சுண்டுதான் இருக்கான்!" என்று சந்தானம் பின்னால் பார்த்துக் கூவினான். டம்டம் வண்டி கிறீச்சிட்டு நின்றது. ஸ்ரீனிவாசராகவன் இறங்கினார். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், நீங்கள் சொல்லுங்கள்."

பாதுரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பரேடில் 'எழுந்திரு' என்று சொல்கிற குரலில், "உட்டோ!" என்றார்.

சிதையின் மேல் சிவதனி சிங் கண்ணைத் திறந்தான். இன்ஸ்பெக்டரின் உடுப்பைப் பார்த்தான். விறைப்பாக எழுந்து உட்கார்ந்து சலாம் வைத்தான்.

"ஹுஜூர், அளந்தாச்சா?"

ஸ்ரீனிவாசராகவன் கேட்டார். "ஏனப்பா, இத்தனை பேர் கூப்பிட்டார்களே, ஏன் எழுந்திருக்கவில்லை?"

"அண்ணன் கங்காஜலத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார், ஹுஜூர். யார் தொட்டாலும் யார் கத்தினாலும் அசையாதே. அசைந்தால் சுருங்கிப் போவாய். சர்க்கார் உடுப்புப் போட்டவர் 'எழுந்திரு' என்றால்தான் எழுந்திருக்க வேண்டும் என்றார்."

"கட்டையை மேலே அடுக்கினார்களே?"

"நெஞ்சுப் பலத்துக்குப் பரீட்சை என்று நினைத்தேன்." அவன் கொஞ்சம் பெருமையோடு மூச்சை இழுத்து மார்பை விரித்துக் காட்டினான். "ரொம்பக் கனம். ஆனாலும் தாங்கிவிட்டேன்."

"புகை வந்திருக்குமே?"

"வந்தது. இருமினால் சுருங்கிவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன்." அப்போதுதான் அவன் குனிந்து, தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தான். பக்கத்தில் இன்னொரு சிதையின் சாம்பலைப் பார்த்தான். நிறம் போயிற்று. "ராம் ராம்," என்றான், குழந்தைக் குரலில்.

விறகுக்குப் பின்னால் ஒளிந்தவனை இழுத்து விசாரித்தார்கள். அவர்கள் சுமந்தது பவானிப்பூரில் குமாஸ்தாக்கள் தங்குகிற ஒரு மெஸ்ஸில் காலராவில் போன ஆளை. உறவு, சொந்தம் கிடையாது. மானேஜர் கூலி கொடுத்து, யாரும் முகத்தைத் திறக்காதீர்கள், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினார். திறக்கவில்லை.

"அவன் பேர் என்ன?" என்றார் பாதுரி.

"தெரியாது பாபு. மூணாம் நம்பர் ரூம் பாபு என்பார்கள்."

*

சிவதனி சிங்கை நாற்பது பேரும் நடக்க விடவில்லை. சுடுகாட்டு மூலையில் வீசியிருந்த அவனுடைய பழங்கட்டிலையே தேடியெடுத்து, படுக்கவைத்து, தோளில் தூக்கிக்கொண்டு பாலமேறினார்கள். பாதி வழியில் நாலு பேர் தோளைச் சொறிந்துகொண்டு ஆள் மாற்றினார்கள். மூட்டைப்பூச்சிகள் யஜமானைக் கைவிடவில்லை.

வெங்கடசுப்ரமணியனின் விலங்கை அவிழ்த்ததும் பாதுரி செய்த முதல் காரியம் மன்னிப்புக் கேட்டது. இரண்டாவது காரியம், முத்திரையை உடைத்து, ஜெயலக்ஷ்மி போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்தது. முகம் போன போக்கைப் பார்த்து, "இவரும் வெஷம்னுதான் சொல்லப் போறார், ஓடிடலாம்," என்றான் சந்தானம். ஜெயலக்ஷ்மி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது.

அளவுகோலின் அடியில் சிவதனி சிங்கை நிறுத்தினார்கள். ஆள் எடுப்புக் கமிட்டியின் வெள்ளைக்காரத் துரையும் அதற்குள் வந்துவிட்டார். வெங்கடசுப்ரமணியனின் மணிக்கட்டில் இரும்பு பதிந்த சிவப்பு இன்னும் போகவில்லை. அந்தக் கையால்தான் குறுக்குச் சட்டத்தை இறக்கினார். நாற்பது பேரும் மூச்சை நிறுத்தினார்கள். இத்தனை பாடுபட்ட பையன், இத்தனை பாடுபட்ட கிளார்க், ஒரு நூல் கூட்டிச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் குனிந்தார், நிமிர்ந்தார், பையனின் முடியை விரலால் அமுக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஐந்தடி ஏழு. மயிர் நீக்கி."

ஆரவாரத்தில் மைதானம் இடிந்து விழுந்தது. துரை கதையைக் கேட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். "சிதையில் வைத்தாலும் உத்தரவில்லாமல் அசையாதவன்! எனக்கு இவனைப் போல ஆயிரம் பேர் வேண்டும்!" என்று தன் கையாலேயே அவனுக்குச் சிவப்புத் தலைப்பாகையைக் கொடுத்தார்.

ஸ்ரீனிவாசராகவன் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன ஸ்வாமி, ரெண்டு உசுரைக் காப்பாத்திட்டு இஞ்சி தின்ன மாதிரி இருக்கேள்?"

"துரை சொன்னதைக் கேட்டீரோ? நாப்பது பேர் கத்தினா, எழுந்திருக்கலை. நெஞ்சில கட்டையை ஏத்தினா, எழுந்திருக்கலை. உடுப்புப் போட்டவன் ஒரு வார்த்தை சொன்னான், எழுந்து உக்காந்துட்டான். நாளைக்கு அதே குரல் எதிர்ல நிக்கறவனை 'அடி'ன்னு சொன்னா?"

சந்தானம் திரும்பிச் சிவதனி சிங்கின் சிவப்புத் தலைப்பாகையைப் பார்த்தான்.

சாயங்காலம் டாக்டர் சாவியோடு வந்து, உடம்பைப் பார்த்து, காலராதான் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மூன்றாம் நம்பர் ரூம் பாபுவைப் புதுக்கட்டிலில் கிடத்தித் தாழ்வாரத்தில் வைத்தார்கள். மெஸ்ஸுக்கு ஆள் அனுப்பியதற்கு, கூலி ஒரு தடவைதான் கொடுக்க முடியும் என்று பதில் வந்தது. காலரா என்றதும் பியூன்கள் மறைந்துவிட்டார்கள். "நாளைக்கு முனிசிபல் வண்டி வரும், குப்பையோடு போகட்டும்," என்றார் பாதுரி.

சிவதனி சிங் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றி ஒரு கல்லின்மேல் வைத்தான். நேரே வந்து கட்டிலின் ஒரு காலைப் பிடித்தான்.

"யாரடா உன்னைத் தூக்கச் சொன்னது?" என்று அதட்டினார் பாதுரி.

அவன் விறைத்து நின்றான். ஆனால் கையை எடுக்கவில்லை. "யாரும் சொல்லவில்லை, ஹுஜூர். இவர் என் இடத்துக்கு வந்தார். நான் இவர் இடத்தில் படுத்திருந்தேன். இவரைக் குப்பையோடு விட முடியாது."

வெங்கடசுப்ரமணியன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டாவது காலைப் பிடித்தார். "அநாதைப் பிரேதம். அசுவமேதம் பண்ணின புண்ணியம்டா சந்தானம், வா." சந்தானம் மூன்றாவது காலுக்குப் போனான்.

நாலாவது கால் சும்மா கிடந்தது. சந்தானம் சுற்றுமுற்றும் பார்த்தான். ஸ்ரீனிவாசராகவன் மேல்வேஷ்டியை உதறி இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"ஸ்வாமி, நீங்களா? வண்டி சொல்லட்டுமா?"

"தூக்கும் ஓய்."

தூக்கினார்கள். பையனின் பக்கம் கட்டில் கொஞ்சம் உயர்ந்தது. ஜெயலக்ஷ்மி எங்கிருந்தோ ஒரு பிடி பொரி கொண்டுவந்து முன்னால் இறைத்தாள்.

பாலத்தடிச் சாராயக் கடையில் விளக்கேற்றியிருந்தார்கள். "எது வேணா நடக்கட்டும், இந்தக் கட்டிலை மட்டும் இங்கே கீழே வெச்சுடாதீங்கோ," என்றான் சந்தானம்.

யாரும் வைக்கவில்லை. சுடுகாடு வரையில் ஸ்ரீனிவாசராகவன் எங்கும் உட்காரவுமில்லை.